ஹை-எண்ட் சிடி ப்ளேயர்: வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் கேக்குற கேள்விங்க

வீட்ல மூணு சிடி ப்ளேயர் இருக்கு, ஆயிரத்துக்கு மேல சிடி இருக்கு. யார் வந்தாலும் முதல்ல ஷெல்ஃபைப் பாப்பாங்க, அப்புறம் என் மூஞ்சியப் பாப்பாங்க, அப்புறம் கேள்வி. ஆள்தான் மாறுது, கேள்வி மாறல. அதான் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு. நான் இன்ஜினியர் இல்ல, கடைக்காரனும் இல்ல. காசு போட்டு வாங்கி, ஏமாந்து, கழட்டிப் பாத்துக் கத்துக்கிட்டவன், அவ்ளோதான்.

ஃபோன்லயே எல்லா பாட்டும் வருது, இன்னும் எதுக்குங்க சிடி?

வருது, நானும் கார்ல அப்படித்தான் கேக்குறேன். சிடியில இருக்குறது செகண்டுக்கு 44,100 சாம்பிள் (சத்தத்தை அளந்து எழுதுன நம்பர்), ஒவ்வொண்ணும் 16 பிட், ரெண்டு சேனல், மொத்தம் 1411 கிலோபிட். அதே மாஸ்டரை (ரிலீஸுக்கு ரெடி பண்ண கடைசிப் பதிவை) லாஸ்லெஸ்ஸா, அதாவது எதையும் வெட்டாம, ஸ்ட்ரீம் பண்ணா அதே நம்பர்தான் வரும், அதனால சிடின்னாலே ஒசத்தின்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா "அதே மாஸ்டர்"ங்குறதுலதான் சிக்கல். எண்பதுகள்ல போட்ட சிடியும், அப்புறம் ரீமாஸ்டர்னு வந்ததும் ஒண்ணு இல்ல. புதுசுல சத்தத்தை ஏத்தி ஏத்தி, மெல்லிசா பாடுற எடமும் அடிச்சுப் பாடுற எடமும் ஒரே உயரத்துக்கு வந்து நிக்குது. ஸ்ட்ரீமிங்ல பெரும்பாலும் அந்தப் புதுசுதான் கெடைக்கும். பழைய கச்சேரி ரெக்கார்டிங்னா கேக்கவே வேணாம், இன்னிக்கு இருக்கும், உரிமம் முடிஞ்சா நாளைக்குக் காணாப் போயிடும். ஷெல்ஃப்ல இருக்குறதை யாரும் ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போக மாட்டாங்க. (மச்சான் எடுத்துட்டுப் போயிருக்கான், அது வேற கதை.)

ஹை-எண்ட்னு எதைச் சொல்றீங்க? உள்ள இருக்குறது லென்ஸும் மோட்டாரும்தானே, அதுக்கு எதுக்கு லட்சக்கணக்குல?

நியாயமான கேள்வி. முதல்ல அந்த லென்ஸ் என்ன பாடு படுதுன்னு பாருங்க. சிடியில டேட்டா உள் பக்கத்துலேந்து வெளிய சுத்திச் சுத்திப் போற ஒரே கோடு, நீட்டிப் போட்டா அஞ்சு கிலோமீட்டருக்கு மேல. ஒரு சுத்துக்கும் அடுத்த சுத்துக்கும் நடுவுல 1.6 மைக்ரான். உள்ள படிக்கும்போது நிமிஷத்துக்கு 500 சுத்து, வெளிய வர வர 200க்குக் கொறையும். எந்த சிடியும் கண்ணாடி மாதிரி தட்டையா இருக்காது, ஓரம் அரை மில்லிமீட்டர் வரைக்கும் மேலயும் கீழயும் ஆடலாம், ஆனா லேசர் ஃபோகஸ் ஒண்ணு ரெண்டு மைக்ரானுக்குள்ள நிக்கணும். அந்தக் குட்டி லென்ஸ் ஒரு காயில்ல தொங்கிக்கிட்டு மேல கீழ, இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு விடாம ஓடிக்கிட்டே இருக்கு. மூடியக் கழட்டிட்டுப் பக்கத்துல காதை வெச்சா சின்னதா ஒரு சிலுசிலுப்பு கேக்கும், கோணலான சிடின்னா இன்னும் ஜாஸ்தி.

காசு பெரும்பாலும் போறது இங்கதான். டீயாக் கம்பெனியோட எஸோட்டெரிக் ப்ளேயர்ல விஆர்டிஎஸ்னு ஒரு மெக்கானிசம், சிடியை அதே அகலத்துக்கு ஒரு தட்டோட சேத்து இறுக்கிப் புடிச்சுக்கும், ஓரம் ஆடுறது அடங்கிடும். மராண்ட்ஸ் எஸ்ஏ-10ல மெக்கானிசமே அவங்களே செஞ்சது, அதுல கடையில வாங்குற டாக் சிப்பும் (நம்பரை சத்தமா மாத்துற சிப்பு) கெடையாது, அந்த வேலையையும் அவங்க சொந்த சர்க்யூட்தான் பாக்குது. அக்யூஃபேஸ், லக்ஸ்மேன் எல்லாம் டிரேயும் பவர் சப்ளையும் பாத்தாலே தெரியும். டிரே வெளிய வரும்போது ஒரு சத்தமும் இருக்காது, வெண்ணெய் மாதிரி வரும். அந்த டிரேக்காகவே காசு குடுத்தவங்களை எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். மீதி காசு அலுமினிய டப்பாவுக்கு.

அப்போ சத்தத்துல வித்தியாசம் தெரியுமா தெரியாதா? சுத்தி வளைக்காம சொல்லுங்க.

தெரியும்னு நெனச்சேன். அப்புறம் அளந்து பாத்தேன்.

என்கிட்ட இருக்குறது ஒரு பழைய மராண்ட்ஸ் சிடி-80, இருபது கிலோவுக்கு மேல கனக்குற ஒரு ஜப்பான் எஸ்ஏசிடி (சிடிக்கு அப்புறம் வந்த இன்னொரு வகை டிஸ்க்) ப்ளேயர், அப்புறம் சாதாரண ட்ரான்ஸ்போர்ட் (டிஸ்க்கைப் படிக்க மட்டும் செய்ற டப்பா) ஒண்ணும் டாக்கும். ஜப்பான்காரன் வந்த புதுசுல சொர்க்கம்தான். மிருதங்கத்துல தொப்பியும் வலந்தலையும் தனித்தனியா நிக்குது, தம்புரா பின்னாடி போய் உக்காந்துக்குது, பழசுல இதெல்லாம் கேக்கவே இல்லையேன்னு மூணு நாள் தூங்கல. வந்தவங்க எல்லாரையும் புடிச்சு உக்கார வெச்சுக் காட்டுனேன், எல்லாரும் ஆமாம் ஆமாம்னாங்க.

அப்புறம் ஒரு நாள் சந்தேகம் வந்து மல்டிமீட்டரை எடுத்தேன். டெஸ்ட் சிடியில 100 ஹெர்ட்ஸ் டோனை ஃபுல் லெவல்ல போட்டு அவுட்புட்ல வோல்டேஜ் பாத்தேன். (1000 ஹெர்ட்ஸ் வேணாம், சீப்பான மீட்டர் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்டை அளக்கச் செஞ்சது, மேல போனா தப்பா காட்டும்.) பழசு 2.05 வோல்ட், புதுசு 2.4 வோல்ட். கணக்கு போட்டா கிட்டத்தட்ட 1.4 டெசிபல். சிடி ப்ளேயர்னா 2 வோல்ட்னு ஒரு வழக்கம் இருக்கு, ஆனா நெறைய பேர் கொஞ்சம் ஏத்தியே வெக்கிறாங்க, ஏன்னு உங்களுக்கே புரியும். இந்த அளவு வித்தியாசத்தை காது "சத்தம் ஜாஸ்தி"ன்னு எடுத்துக்காது, "தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு"ன்னுதான் எடுத்துக்கும். மயக்கமே அங்கதான்.

ரிச்சி ஸ்ட்ரீட் போய் நல்ல வால்யூம் கன்ட்ரோல் ஒண்ணு வாங்கிட்டு வந்து, சின்ன டப்பால மாட்டி, ரெண்டோட வோல்டேஜும் ஒண்ணா வர்ற வரைக்கும் திருகுனேன். ஒரே சிடி ரெண்டு காப்பி, ஒரே நேரத்துல ஸ்டார்ட், மச்சான் எனக்குப் பின்னாடி உக்காந்து காசை சுண்டிப் போட்டு இன்புட் மாத்துவான், நான் எதுன்னு சொல்லணும். 16 ரவுண்ட். 12 சரியா சொன்னாத்தான் குருட்டாம்போக்கு இல்லன்னு வெச்சுக்கலாம், நான் சொன்னது 9. மச்சான் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல இருக்கு, அது மட்டும் ஹை-எண்ட் குவாலிட்டியில.

அதுக்காக எல்லா ப்ளேயரும் ஒண்ணுதான்னு அர்த்தம் இல்ல. ஃப்ரெண்டு ஒருத்தர் ஓவர்சாம்ப்ளிங் (சாம்பிளுக்கு நடுவுல கணக்கு போட்டு இன்னும் சாம்பிள் சேக்குறது) இல்லாத, வால்வ் (பழைய ரேடியோவுல இருக்குற கண்ணாடிக் குழாய்) அவுட்புட் வெச்ச ப்ளேயர் கொண்டு வந்தாரு, அதை 16க்கு 14 சொல்லிட்டேன். அது நியாயம்தான், ஓவர்சாம்ப்ளிங்கும் ஃபில்டரும் இல்லன்னா 20 கிலோஹெர்ட்ஸ்ல 3 டெசிபலுக்கு மேல எறங்கிடும், வால்வ் தன் பங்குக்கு கொஞ்சம் சக்கரை சேக்கும். அது அவருக்குப் புடிச்சிருக்கு, வெச்சுக்கட்டும், அதுல என்ன தப்பு. ஒழுங்கா டிசைன் பண்ண ரெண்டு ப்ளேயர், லெவல் ஒண்ணாக்கிட்டா, என் ஹாலுல என் காதுக்குப் பிரிக்க முடியல, அவ்ளோதான் நான் சொல்றது. சீலிங் ஃபேன் ஓடுற ஹாலு வேற.

டிடிஏ1541ஏ, கிரீடம் போட்ட சிப்புன்னு ஒண்ணு சொல்றாங்களே, அது நெஜமாவே அவ்ளோ ஒசத்தியா?

இதுக்குக் கொஞ்சம் பின்னாடி போகணும். சிடி சோனியும் பிலிப்ஸும் சேந்து செஞ்சது. பிலிப்ஸ் 14 பிட் போதும்னுச்சு, சோனி 16 வேணும்னு நின்னு ஜெயிச்சுது, ஆனா பிலிப்ஸ் கையில இருந்தது 14 பிட் சிப்புதான். என்ன பண்றது? நாலு மடங்கு ஓவர்சாம்ப்ளிங் பண்ணி 176.4 கிலோஹெர்ட்ஸ்ல ஓட்டி, நாய்ஸை காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி, 14 பிட்ட வெச்சே கிட்டத்தட்ட 16 பிட் வேலைய வாங்கிட்டாங்க. வேற வழி இல்லாம செஞ்சது, அப்புறம் ஓவர்சாம்ப்ளிங்தான் உலகத்துக்கே வழி ஆச்சு. சோனியோட முதல் ப்ளேயர் சிடிபி-101, 1982 அக்டோபர் 1ல ஜப்பான்ல வந்துது, விலை 168,000 யென். அதுல 16 பிட் டாக் உண்டு, ஆனா ரெண்டு சேனலுக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு, மாத்தி மாத்தி வேலை பாக்கும். அதனால ஒரு சேனல் இன்னொண்ணை விட 11 மைக்ரோசெகண்ட் லேட். அவ்ளோ விலைக்கு ஒரே டாக்கான்னு இன்னிக்குக் கேக்கலாம், அன்னிக்கு ஒரு டாக் வெச்சதே பெருசு.

டிடிஏ1541 அதுக்கப்புறம் வந்த பிலிப்ஸோட நெஜ 16 பிட் சிப். அதுல நல்லா தேறுனதைத் தனியாப் பொறுக்கி மேல கிரீடம் அச்சடிச்சாங்க, ஒத்தைக் கிரீடம், ரெட்டைக் கிரீடம்னு. என் சிடி-80ல ஒத்தைக் கிரீடம், கூடவே சிடிஎம்-1 மெக்கானிசம், லென்ஸ் ரயில்ல ஓடாம கதவு மாதிரி ஆடுற கை மேல போகும். அருமையான சிப்பு. ஆனா இன்னிக்கு சிப்பை மட்டும் தனியா விக்கிறவங்க கிட்ட ஜாக்கிரதை, சாதா சிப்பு மேல கிரீடம் அச்சடிக்கிற வேலை நெறைய நடக்குது. சிப்பு மேல மயங்கி, லென்ஸ் செத்த ப்ளேயரை வாங்கிடாதீங்க.

செகண்ட் ஹேண்ட்ல எடுக்கலாமா? என்னென்ன பாக்கணும்?

எடுக்கலாம், நான் புதுசா வாங்குனது ஒண்ணே ஒண்ணுதான். ஆனா ப்ளேயர் பேரைக் கேக்குறதுக்கு முன்னாடி லென்ஸ் நம்பரைக் கேளுங்க. என் மொத்த அனுபவமும் இந்த ஒரு வரிதான். டாக் சிப்பு முப்பது வருஷம் ஓடும், கெபாசிட்டர் போனா எந்த நல்ல மெக்கானிக்கும் மாத்திடுவாரு, லென்ஸ் அசெம்பிளி போயி மாத்து கெடைக்கலன்னா அந்த லட்ச ரூபாய் ப்ளேயர் பூஜை ரூம் பலகைக்குத்தான் ஆகும். பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 மெக்கானிசத்தை எத்தனையோ விலை ஒசந்த கம்பெனிங்க நம்பி வாங்கிப் போட்டாங்க, அதோட உற்பத்தியே நின்னு போச்சு. ஸ்காட்லாந்து லின் கம்பெனி 2009 கடைசியில சிடி ப்ளேயர் செய்றதையே நிறுத்திட்டாங்க. அதே சமயம் சோனி கேஎஸ்எஸ்-213 மாதிரி எல்லா டப்பாலயும் போட்ட லென்ஸ்னா இன்னிக்கும் காப்பியாவது கெடைக்கும்.

நேர்ல போனா கூடவே நாலு சிடி எடுத்துட்டுப் போங்க. 74 நிமிஷம் ஃபுல்லா இருக்குற ஒண்ணு, கீறல் விழுந்த ஒண்ணு, எழுதுன சிடி-ஆர் ஒண்ணு, நல்லா மனப்பாடமா தெரிஞ்ச ஒண்ணு. ஃபுல் சிடியில முதல் பாட்டுலேந்து கடைசிப் பாட்டுக்கு நேரா தாவச் சொல்லுங்க, கடைசி ட்ராக் ஓரத்துல இருக்கும், சோர்ந்து போன லேசர் அங்கதான் திணறும். சிடி-ஆர் வெளிச்சத்தைக் கம்மியாத்தான் திருப்பும், அதைத் தடங்கல் இல்லாம பாடுனா லேசர்ல தெம்பு இருக்கு. அரை மணி நேரம் சூடான பெறகு திரும்பவும் இதையே பண்ணுங்க, விக்கிறவர் டீ வாங்கிக் குடுத்தா குடிங்க, அவசரப்படாதீங்க. டிரே மட்டும் தெறக்கலன்னா பயப்படாதீங்க, பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், ரொம்ப சல்லிசான வேலை. "லேசர் பவரை லேசா ஏத்தி விட்டேன் சார், இப்போ சூப்பரா படிக்குது"ன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க. சாகப் போற லேசருக்குக் குடுத்த கடைசி ஊசி அது.

ஜப்பான்லேந்து ஆன்லைன்ல வரவழைச்சா பாதி விலைங்குறாங்களே?

விலை கம்மிதான், பொருளும் பெரும்பாலும் புதுசு மாதிரி வெச்சிருப்பாங்க. ஆனா அங்க கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அதுவும் ப்ளேயருக்கு எழுதியிருக்குற வாட்ஸை விட நல்லா ஜாஸ்தியா, ஹம் இல்லாம சுத்துனதா.

எனக்கு நடந்தது சொல்றேன். ஒரு ப்ளேயர் வரவழைச்சேன், ட்ரான்ஸ்ஃபார்மரும் ரெடி, எல்லாம் சரி. ஊருக்குப் போயிருந்தப்ப வீட்ல பெயின்டிங் வேலை. பெயின்டர் தம்பி எல்லா ஒயரையும் கழட்டி நகத்தி, வேலை முடிஞ்சதும் பாவம் பொறுப்பா எல்லாத்தையும் திரும்ப மாட்டி வெச்சிருக்கான், ப்ளேயரை நேரா சுவத்துல. நான் வந்து பவர் பட்டனை அமுக்குனேன், டப்புன்னு ஒரு சத்தம், அப்புறம் மீன் கருகுன வாசனை. அன்னிலேந்து 100 வோல்ட் பொருளோட பிளக் நம்ம சாக்கெட்ல நுழையவே முடியாத மாதிரி பண்ணிட்டுத்தான் மறுவேலை.

இன்னொண்ணு, லென்ஸை லாக் பண்ற ஸ்க்ரூ சில மாடல்ல அடியில இருக்கும், அனுப்பறவங்களை அதை மாட்டி அனுப்பச் சொல்லுங்க, வந்ததும் கழட்ட மறந்துடாதீங்க.

எஸ்ஏசிடி வேணுமா?

அந்த சிடி உங்ககிட்ட இருந்தா வேணும். 1999ல வந்துது, 2.8224 மெகாஹெர்ட்ஸ் ஒரு பிட் முறை. ஹைப்ரிட் டிஸ்க்ல சிடி லேயரும் சேந்தே இருக்கும், சாதா ப்ளேயர்ல அந்த லேயர் மட்டும் பாடும். சத்தம் ஒசத்தியான்னா, 2007ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி ஜர்னல்ல எழுதுனாங்க. எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ வெளியீட்டை நேரா ஒரு தடவ, 16 பிட் 44.1 வழியா, அதாவது சிடி அளவுக்கு எறக்கி விட்டு ஒரு தடவ கேக்க விட்டா, 554 முறையில 276 தடவ சரியா சொன்னாங்க. காசை சுண்டுனா வர்ற நம்பர். அவங்க போட்ட டிஸ்க்கெல்லாம் சரியில்லன்னு சண்டை இன்னும் ஓடுது. என் அனுபவத்துல நல்ல எஸ்ஏசிடி நல்லா இருக்கக் காரணம், அதை மாஸ்டர் பண்ணவர் சத்தத்தை ஏத்தாம விட்டது. நம்ம ஊர் சங்கீதம் அதுல வந்தது ரொம்பக் கம்மி, அதுக்காக மட்டும் ஒரு லட்சம் கூடப் போடாதீங்க.

சீப்பா ஒரு ட்ரான்ஸ்போர்ட், தனியா ஒரு நல்ல டாக், இது போதாதா?

போதும். புத்திசாலிங்க அதான் பண்ணுவாங்க. கேம்பிரிட்ஜ் சிஎக்ஸ்சி, ஆடியோலேப் 6000சிடிடி மாதிரி டாக்கே இல்லாத ட்ரான்ஸ்போர்ட் இருக்கு. ரிப்பேர் வந்தா பாதிதான் போகும், அது பெரிய நிம்மதி. எஸ்ஏசிடி மட்டும் கோயாக்ஸியல் (டாக்குக்குப் போற டிஜிட்டல் ஒயர்) வழியா வெளிய விட மாட்டாங்க, அதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குமா?

வெயிலை விட உப்புக்காத்துதான் எமன். பெசன்ட் நகர் பக்கம் கடலைப் பாத்த மாதிரி வீடு இருக்குற ஒருத்தர் கிட்ட, பின்னாடி இருக்குற ஆர்சிஏ சாக்கெட் எல்லாம் ரெண்டு வருஷத்துல பச்சை பூத்துப் போச்சு. மாசத்துக்கு ஒரு தடவ எல்லா ஒயரையும் புடுங்கிச் சொருகுங்க, பாதி ஆக்ஸைடு அதுலயே போயிடும். இன்வர்ட்டர் சைன் வேவ்தானான்னு பாருங்க, பழைய ஸ்கொயர் வேவ்ல ட்ரான்ஸ்ஃபார்மர் தேனீக்கூடு மாதிரி கத்தும்.

அப்புறம் பல்லி. சிரிக்காதீங்க. ஸ்டேண்ட்பைல கதகதப்பா இருக்குற டப்பான்னா அதுக்குக் குளிருக்கு இதமா ஒரு வீடு. ஒரு மார்கழி மாசம் ப்ளேயர் திடீர்னு செத்துப் போச்சு, மூடியத் தெறந்தா பவர் சப்ளை போர்டு மேல குட்டிப் பல்லி ஒண்ணு ஒட்டிக்கிட்டு, கரண்ட் பாயுற ரெண்டு கம்பிய இணைச்சுக்கிட்டு. மெக்கானிக் அண்ணன் பாத்துட்டு, "சார், இது வாரண்டில வராது"ன்னாரு. இப்போ அடியில இருக்குற காத்து ஓட்டைக்கு மெல்லிசா கொசுவலைத் துண்டு ஒட்டி வெச்சிருக்கேன், கேக்காதப்ப மெயின் சுவிட்ச்சையே அணைச்சிடுறேன்.

சிடி கெட்டுப் போகுமா?

பிரஸ் பண்ண சிடி லேசுல கெடாது. 1988லேந்து 1993க்குள்ள இங்கிலாந்துல பிளாக்பர்ன் ஃபேக்டரியில வந்த சில சிடிங்க மட்டும் ஓரத்துலேந்து வெண்கலம் மாதிரி பழுப்பாகி வீணாப் போச்சு, உங்ககிட்ட இருந்தா உடனே காப்பி எடுத்துடுங்க. நாம வீட்ல எழுதுன சிடி-ஆர் ரொம்ப மோசம், அதை நம்பவே நம்பாதீங்க.

எல்லாரும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வெப்பாங்க. அடியில 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் இருக்கு, சின்னக் கீறல்னா லேசர் அதைத் தாண்டிப் பாத்துடும், ரெண்டரை மில்லிமீட்டர் வரைக்கும் டேட்டா போனாலும் எரர் கரெக்ஷன் நெரப்பிடும். பேர் அச்சடிச்ச மேல் பக்கம்தான் உயிர், அலுமினியத்துக்கு மேல வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு, அவ்ளோதான் பாதுகாப்பு. அங்க நகம் பட்டா முடிஞ்சுது. தொடைக்கும்போது நடுவுலேந்து ஓரத்துக்கு நேர்க்கோட்டுல தொடைங்க, வட்டமா தோசை வார்க்குற மாதிரி வேணாம்.

சிடி ஓரத்துல பச்சை மார்க்கர் தடவுனா சத்தம் தெளிவாகுமாமே...

தடவாதீங்க.

ரெண்டு லட்சம் வெச்சிருக்கேன், எந்த ப்ளேயர் வாங்கட்டும்?

ஸ்பீக்கர் என்ன வெச்சிருக்கீங்க? ஹாலுல கர்ட்டன் இருக்கா, வெறும் டைல்ஸும் சுவருமா? இதுக்கு பதில் சொல்லாம ப்ளேயர் பேரைக் கேட்டா, ஒன்றரை லட்சத்தை ஸ்பீக்கருக்கும் ஹாலுக்கும் போடுங்க, மீதியில லென்ஸ் கெடைக்கிற ப்ளேயரா ஒண்ணு எடுங்கன்னுதான் சொல்வேன். ஏற்கெனவே அதெல்லாம் சரியா இருக்கு, கையில காசு இருக்கு, அந்த டிரே வர்ற அழகுக்காக வேணும்னா, மனசார வாங்குங்க. ஆனா கடையில கேக்கும்போது வோல்டேஜை ஞாபகம் வெச்சுக்கோங்க.

உங்க ஜப்பான் ப்ளேயரை விக்கிறதா இருந்தா சொல்லுங்களேன்?

16க்கு 9ன்னு தெரிஞ்ச அன்னிக்கே வீட்ல கேட்டாங்க, அப்போ வித்துடலாமேன்னு. இல்லங்க, விக்கல. லென்ஸ் ஒண்ணு எக்ஸ்ட்ரா வாங்கி பீரோல வெச்சிருக்கேன், நகைக்குப் பக்கத்துல.